நாகர்கோவிலில் இருந்து குட்டி விமானத்தில் போனால் நேரம் மிச்சமாகுமா?

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அக்கா மகனைக் கொண்டுவிடப் போனேன். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று மொத்தமே அறுபத்தைந்து, எழுபது கிலோமீட்டர்தான். அன்றைக்குக் குழித்துறைப் பாலத்திலேயே நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: "மாமா, அமெரிக்காவில ஒருத்தன் காலைச் சாப்பாட்டுக்குச் சொந்த விமானத்துல பக்கத்து ஊருக்குப் போயிட்டு வாறான். நம்மகிட்ட அப்படி ஒண்ணு இருந்தா மெட்ராஸுக்கு மூணு மணி நேரம்தானே?"

மூன்று மணி நேரம் என்ற கணக்கு சரிதான். ஆனால் அது சக்கரம் தரையை விட்ட நிமிடத்தில் இருந்து மறுபடி தரையைத் தொடும் நிமிடம் வரை உள்ள நேரம். வீட்டு வாசலில் இருந்து வாசல் வரை எவ்வளவு என்பது வேறு கணக்கு. அன்றைக்குப் பாலத்தில் காத்திருந்த நேரத்தில் அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

குட்டி விமானம் என்றதும் தொழிலதிபர்கள் வைத்திருக்கும் ஜெட் நினைவுக்கு வரலாம். அது வேறு உலகம். இங்கே பேசுவது முன்னால் ஒரு காற்றாடி சுற்றும், நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். உலகத்திலேயே அதிகம் தயாரிக்கப்பட்டது செஸ்னா 172. 1950களின் நடுவில் வந்த மாடல், நாற்பதாயிரத்துக்கு மேல் செய்துவிட்டார்கள், இன்னும் செய்கிறார்கள். ஓடுபாதையில் அரை கிலோமீட்டர் இருந்தால் மரத்தைத் தாண்டி மேலே ஏறிவிடும். வேகம் மணிக்கு 215 முதல் 220 கிலோமீட்டர். மணிக்கு 34 லிட்டர் வாக்கில் எரிபொருள் குடிக்கும், அதாவது லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம். உள்ளே பழைய பியட் காரில் இருப்பது போலத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். சத்தத்துக்குக் காதில் ஹெட்செட். கழிப்பறை கிடையாது. மூன்று மணி நேரப் பயணம் என்றால் கிளம்பும் முன் டீ குடிக்கலாமா என்று யோசித்துத்தான் குடிக்க வேண்டும்.

நாலு சீட் என்றால் நாலு பேர் போகலாம் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கேதான் முதல் ஏமாற்றம். விமானத்தில் இடத்தைவிட எடைதான் பிரச்சினை. செஸ்னா 172-இன் புதிய வகை அதிகபட்சம் சுமார் 1,157 கிலோவோடு கிளம்பலாம். வெறும் விமானத்தின் எடையே ஏறத்தாழ 760 கிலோ. மிச்சம் 395 வாக்கில். டேங்க் நிறைய ஊற்றினால் 200 லிட்டர், அது 145 கிலோ. அதையும் கழித்தால் 250 கிலோதான் கையில் நிற்கும். எழுபத்தைந்து கிலோவில் மூன்று பேர் ஏறினால் 225. இருபத்தைந்து கிலோவில் நாலாவது ஆளை எங்கே ஏற்றுவது? ஒரு நேந்திரன் குலையும், ஒரு டின் சிப்ஸும், இரண்டு பையும் வைத்தால் கணக்கு முடிந்தது. நம் ஊர் அம்மாமார் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்தனுப்பும் மூட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பைலட்டுக்கும் அம்மாவுக்கும் தராசு முன்னால் பெரிய சண்டை நடக்கும்.

எரிபொருளைக் குறைத்துக்கொண்டு ஆளைக் கூட்டலாமே என்றால், கூட்டலாம். பாதி டேங்கில் மூன்று மணி நேரம்கூடப் பறக்க முடியாது. அதிலும் கடைசி முக்கால் மணி நேரத்தைத் தொடாமல் வைக்க வேண்டும், இறங்கும் இடத்தில் மழை என்றால் வேறு ஊர் தேட அது வேண்டும். ஆக, வழியில் இறங்கி ஊற்ற வேண்டும். அங்கேதான் அடுத்த முடிச்சு. பெரிய விமானங்கள் ஓடுவது மண்ணெண்ணெய் வகை எரிபொருளில். செஸ்னாவுக்கு வேண்டியது ஏவ்கேஸ் என்னும் விமானப் பெட்ரோல். டீசல் மட்டும் விற்கும் பங்கில் பெட்ரோல் காரோடு நின்றால் எப்படி இருக்கும்? மதுரையிலும் திருச்சியிலும் விமான நிலையம் இருப்பதால் மட்டும் ஏவ்கேஸ் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கிளம்ப முடியாது. நம் நாட்டில் பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கும் இடங்களைச் சுற்றித்தான் அது கிடைக்கும். 2022 வரை முழுக்க இறக்குமதிதான், அந்த வருடம்தான் இந்தியன் ஆயில் வதோதரா ஆலையில் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது.

சரி, மூன்று பேராகவே போவோம். இனி நேரக் கணக்கு.

எந்தப் பயணத்திலும் இரண்டு வகை நேரம் உண்டு. ஒன்று தூரத்தோடு கூடுவது. இன்னொன்று பத்து கிலோமீட்டர் போனாலும் ஆயிரம் போனாலும் மாறாதது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த உடனே மினிமம் சார்ஜ் விழுகிறதே, அது மாதிரி. காருக்கு இந்த மினிமம் சார்ஜ் கிடையாது, சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடலாம், ஆனால் நின்று போவதையெல்லாம் சேர்த்தால் சராசரி மணிக்கு அறுபதுதான். ஏர்லைன்ஸுக்கு மினிமம் சார்ஜ் மிக அதிகம்: பெரிய விமான நிலையத்துக்குப் போவது, சோதனை, காத்திருப்பு, பெட்டிக்கு நிற்பது, அங்கிருந்து ஊருக்குள் போவது. எப்படியும் நாலரை மணி நேரம் என்று வைப்போம். மேலே போய்விட்டால் மணிக்கு எழுநூறு. குட்டி விமானம் இரண்டுக்கும் நடுவில். வீட்டுப் பக்கத்திலேயே ஓடுதளம் இருந்தால் அங்கே போவது, வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சரிபார்ப்பது, ஏறி இறங்கும் தாமதம், மறுமுனையில் கார் பிடிப்பது எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம். பிறகு சராசரி இருநூறு.

இதைக் கணக்குப் போட்டால், 170 கிலோமீட்டர் வரை கார்தான் முந்தும். அதற்கு மேல் குட்டி விமானம். 700 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏர்லைன்ஸ் முந்திவிடும். நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அமெரிக்காக்காரர் காலைச் சாப்பாட்டுக்குப் பறப்பது அந்த இடைவெளியில்தான். அந்த நாட்டில் பொதுமக்கள் இறங்கக்கூடிய விமானத் தளங்கள் மட்டும் ஐயாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. ஏர்லைன்ஸ் போவது அதில் பத்தில் ஒரு பங்குக்குத்தான். மீதி எல்லாம் வயலோரத்தில், சின்ன ஊர்களின் எல்லையில், காரை விமானத்தின் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு ஏறுகிற மாதிரியான இடங்கள். அலாஸ்காவில் பல கிராமங்களுக்கு ரோடே கிடையாது, அங்கே செஸ்னாதான் மினிபஸ்.

இப்போது அதே கணக்கை நாகர்கோவிலுக்குப் போடுவோம். நம் மாவட்டத்தில் ஓடுதளம் இல்லை. விமானம் நிற்க வேண்டுமானால் திருவனந்தபுரத்தில் நிற்க வேண்டும், அல்லது தூத்துக்குடி வாகைக்குளத்தில். இரண்டு மணி நேரம் காரில் போய், அதே பெரிய விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வழியாக உள்ளே நுழைந்து, பறக்கும் திட்டத்தைத் தாக்கல் செய்து, அனுமதி எண்கள் வாங்கி, ஜெட்டுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று கிளம்ப வேண்டும். மினிமம் சார்ஜ் இரண்டில் இருந்து நாலு மணி நேரமாக ஏறிவிடுகிறது. ஏர்லைன்ஸுக்கு நமக்கு ஐந்து. மறுபடி வகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 330 கிலோமீட்டர் வரை கார் முந்துகிறது, அதற்கு மேல் உடனே ஏர்லைன்ஸ் முந்துகிறது. நடுவில் இருந்த அந்தப் பெரிய இடைவெளி மூடிக்கொண்டது. குட்டி விமானம் எந்தத் தூரத்திலும் முதலில் வரவில்லை. விமானத்தின் வேகம் அதேதான், இறக்கை அதேதான். மாறியது தரையில் உள்ள சங்கதி மட்டும்.

சென்னையை வைத்துப் பாருங்கள். காரில் 700 கிலோமீட்டர், பதினொன்று பன்னிரண்டு மணி நேரம். திருவனந்தபுரம் போய் ஏர்லைன்ஸில் என்றால் ஆறு. செஸ்னாவில் ஏழு. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருவனந்தபுரத்தில் இருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் அது அகத்தியமலைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் போகும். அகத்தியமலை 1,868 மீட்டர். மேகம் மூடிய நாளில் ஒற்றை எஞ்சினோடு அதன்மேல் போக நிதானமான பைலட் யாரும் விரும்ப மாட்டார். தெற்கே சுற்றி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே போவதுதான் பாதுகாப்பு. அதாவது இரண்டு மணி நேரம் கார் ஓட்டித் திருவனந்தபுரம் போய், விமானம் ஏறி, இருபது நிமிடத்தில் மறுபடி நம் வீட்டு மொட்டை மாடிக்கு மேலேயே வந்து நிற்போம்.

அப்படியானால் ஊரிலேயே ஒரு சின்ன ஓடுதளம் போட்டால் என்ன என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்விதான். ஜெட் விமான நிலையம் வேண்டாம், ஒரு கிலோமீட்டர் நீளத்தில் தார் போட்டால் செஸ்னாவுக்குத் தாராளம். ஆனால் 1,670 சதுர கிலோமீட்டர் சொச்சம் மாவட்டத்தில் 2011-லேயே 18.7 லட்சம் பேர். மலையும் காடும் போக மிச்ச இடத்தில் வயல், குளம், தென்னந்தோப்பு, வீட்டுக்கு வீடு ஒட்டிய ஊர்கள். மேடு பள்ளம் இல்லாமல், இரு முனையிலும் உயரமான தென்னை இல்லாமல் ஒரு கிலோமீட்டர் நேர்கோடு கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அதை மூன்று பேர் பறப்பதற்கு யார் கொடுப்பார்கள்? வடக்கே போனால் கதை வேறு. கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை என்று இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளங்கள் வெயிலில் கிடக்கின்றன. இப்படிப்பட்டவற்றில் இருபது இடம் எரிபொருளோடு திறந்திருந்தால் நான் போட்ட கணக்கு தலைகீழாகும். உதாரணத்துக்கு வேலூர். சிகிச்சைக்காக நம் ஊரில் இருந்து காலங்காலமாகப் போகிற ஊர். ரோட்டில் 650 கிலோமீட்டருக்கு மேல். வானத்தில் 550தான். இரு முனையிலும் பக்கத்தில் தளம் இருந்தால் வாசலில் இருந்து வாசல் வரை ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தப் பக்கத்துக்கு விமானம் வந்த கதையே குட்டி விமானத்தில்தான் தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1935-இல் டாடாவின் சின்ன விமானம் பம்பாயில் இருந்து தபாலோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. அப்போது நாமும் திருவிதாங்கூர்தான். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியும் படகும்தான் போட்டிக்கு, அதனால் குட்டி விமானம் சுலபமாக ஜெயித்தது. இன்றைக்குப் போட்டி நாலு வழிச்சாலையோடும் வந்தே பாரத்தோடும். 2024 ஆகஸ்ட் கடைசியில் ஓடத் தொடங்கிய சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத்துக்கு ஒன்பது மணி நேரம். இரவு ரயிலுக்கு அதைவிட அதிகம், ஆனால் அதில் பாதி தூக்கத்தில் போய்விடுகிறது. தூங்கிக் கழிக்கிற நேரத்தை என் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. குட்டி விமானத்தில் ஒருவர் கட்டாயம் விழித்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது வானம் தெளிவாக இருக்கும் நாளின் கணக்கு. வானிலைதான் உண்மையான கஷ்டம்.

சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவர் கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். பார்வைத் தொலைவு ஐந்து கிலோமீட்டராவது வேண்டும், மேகத்துக்குள் நுழையக் கூடாது, பொழுது அடைந்த பிறகு நம் நாட்டில் இந்த விதியில் ஊர்விட்டு ஊர் பறக்கவும் முடியாது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தனிப் பயிற்சி, தனித் தகுதி உண்டு. அது இருந்தாலும் இடி மேகத்துக்குள் போக முடியாது. நமக்கோ இரண்டு பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி வந்ததை மறக்க முடியுமா? மழை இல்லாத நாளிலும் காற்று விடாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மலை இடுக்கில் பிதுங்கி வேகமெடுக்கும் காற்று, மலையின் மறுபக்கத்தில் சுழன்று இறங்கும். முழு எடையில் ஒரு டன் சொச்சம் உள்ள விமானத்தை அது முறத்தில் அரிசி புடைப்பது போலப் புடைத்துவிடும். எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் 215-இல் போகும் விமானம் தரையைப் பொறுத்தவரை 175-இல்தான் நகரும். சென்னைக்குப் போகும்போது தள்ளிவிட்ட அதே காற்று, திரும்பும்போது அரை மணி, ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ மீனவர்களிடம் கேட்டால் இது நன்றாகப் புரியும். விடியற்காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்து, "இன்னைக்கு வேண்டாம்" என்று திரும்பி வருவது அவர்களுக்கு வெட்கம் கிடையாது. குட்டி விமானப் பைலட்டுக்கும் அந்தப் புத்திதான் வேண்டும். ஆனால் பயணம் என்று வரும்போது அது கஷ்டம். நாளைக்குக் கல்யாணம், தாலி கட்டுக்குப் போயாக வேண்டும் என்ற நினைப்பு வந்துவிட்டால் மேகம் கண்ணுக்குத் தெரியாது. 1999 ஜூலை 16 அன்று ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் சிறிய விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பியது உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குத்தான். இரவு, கடலுக்கு மேல் மூட்டம், கருவி பார்த்து ஓட்டும் தகுதி அவருக்கு இல்லை. எது மேல், எது கீழ் என்ற உணர்வு தப்பி விமானம் கடலில் விழுந்தது. அவரோடு மனைவியும் மனைவியின் அக்காவும் இறந்துபோனார்கள். ஆபத்தைப் பொறுத்தவரை குட்டி விமானத்தை ஏர்லைன்ஸோடு ஒப்பிட முடியாது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்த்தால் பைக்கோடுதான் ஒப்பிடுவார்கள்.

அதனால் குட்டி விமானத்தில் போக நினைக்கும் யாரும் கையில் இன்னொரு வழியை வைத்திருக்க வேண்டும். ரயில் டிக்கெட்டோ, மறுநாள் வரை தாமதிக்கும் வசதியோ. கட்டாயம் போக வேண்டிய பயணத்துக்கு அது ஆகாது.

திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு தடை பற்றியும் சொல்ல வேண்டும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போவது ஓடுபாதையைக் கடந்துதான். அந்த நாட்களில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்கு நோட்டாம் என்று பெயர். கிளம்பும் முன் அதைப் படிப்பது பைலட்டின் கடமை. ஏர்லைன்ஸில் போகும் நமக்காக அதை வேறு யாரோ படித்துவிடுகிறார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புதிது வாங்கினால் மூன்று கோடிக்கு மேல். அதற்கும் மினிமம் சார்ஜ் உண்டு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் நிறுத்துமிட வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்திரத் தகுதிச் சான்று. மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் விசைப்படகு கரையில் கிடந்தாலும் வட்டி ஓடுகிறதே, அப்படி. பறந்தால் நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை, இரண்டாயிரம் மணி நேரத்தில் எஞ்சினைப் பிரித்து மேய வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் சுமை குறையும், ஆனால் நாலு பேருக்கும் பொங்கலுக்குத்தான் விமானம் வேண்டும். சொந்த லைசென்ஸ் என்பது வெள்ளை போர்டு கார் மாதிரி, கூலி வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. ஏற்ற வேண்டுமானால் அதற்கு வணிக லைசென்ஸும் நிறுவன அனுமதியும் வேறு.

இதையெல்லாம் கேட்ட பிறகும் மருமகன் முகம் வாடவில்லை. "போறதுக்கு வேண்டாம் மாமா, ஓட்டுறதுக்கு வேணும்" என்றான். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. முப்பந்தல் காற்றாலைகளையும் பேச்சிப்பாறை நீரையும் ஐயாயிரம் அடியில் இருந்து பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஓட்டும் லைசென்ஸ் வாங்கப் பதினேழு வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், குறைந்தது நாற்பது மணி நேரம் பறந்து பழக வேண்டும். நடைமுறையில் பலருக்கும் அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது. பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வாங்கிவிடச் சொன்னேன். நிறக்குருடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், லட்சங்களைக் கட்டிய பிறகு தெரிய வேண்டாம். பாலத்தில் வண்டிகள் நகர ஆரம்பித்தன. அவன் விமானத்துக்கு இன்னும் இரண்டே கால் மணி நேரம் இருந்தது.